பிறந்தவுடன் வழங்கப்படும் அப்கார் மதிப்பெண்: நிறைமாதக் குழந்தையின் பெற்றோர் அறிய வேண்டியவை

பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் குழந்தையின் எடை, பிறந்த நேரம் ஆகியவற்றுடன் இரண்டு எண்களும் எழுதப்பட்டிருக்கும். ‘1 நிமிடத்தில் 8, 5 நிமிடத்தில் 9’ என்பது போன்ற அந்தக் குறிப்பே அப்கார் மதிப்பெண். பலர் அதைக் கவனிப்பதில்லை. கவனிக்கும் பெற்றோரிலும் சிலர், அதைப் பள்ளித் தேர்வு மதிப்பெண் போல எண்ணி, ‘பத்துக்குப் பத்து ஏன் வரவில்லை?’ என்று கவலைப்படுகின்றனர். 4 அல்லது 5 என்று எழுதியிருந்தால், குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுமோ என்று அஞ்சுகின்றனர்.

அப்கார் மதிப்பெண், பிறந்த முதல் சில நிமிடங்களில் குழந்தையின் உடல் எந்த நிலையில் இருந்தது என்பதைக் காட்டும் பதிவு. குழந்தையின் அறிவையோ எதிர்காலத்தையோ அது கணிப்பதில்லை. எனினும் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஐந்தாவது நிமிடத்திலும் மதிப்பெண் குறைவாக இருந்தால், அதற்கான காரணத்தை மருத்துவர் ஆராய வேண்டும். பெற்றோரும் தொடர் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. இவ்விரண்டையும் சரியாகப் புரிந்துகொள்ள இப்பக்கம் உதவும்.

இந்த மதிப்பெண் எவ்வாறு தோன்றியது?

விர்ஜீனியா அப்கார் (1909–1974) அமெரிக்காவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர். நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பிரசவ அறையில் தாயின் மீது இருந்த கவனம் பிறந்த குழந்தையின் மீது போதிய அளவில் இல்லாதிருந்த காலம் அது. குழந்தை நன்றாக இருக்கிறதா, உதவி தேவையா என்பதை எல்லா மருத்துவர்களும் ஒரே அளவுகோலால் பார்ப்பதற்காக அவர் 1952-இல் ஓர் எளிய முறையை முன்வைத்தார். அது 1953-இல் அச்சில் வெளிவந்தது. பிறந்து ஒரு நிமிடம் ஆனதும் ஐந்து அடையாளங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 என மதிப்பெண் இட வேண்டும் என்பதே அம்முறை. ஐந்தாவது நிமிட மதிப்பீடு பின்னர் சேர்க்கப்பட்டது. கருவியோ ஆய்வகமோ தேவைப்படாததால், பெருநகர மருத்துவமனையிலும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இன்று ஒரே விதமாக இதைப் பதிவு செய்ய முடிகிறது.

பார்க்கப்படும் ஐந்து அடையாளங்கள்

1. இதயத் துடிப்பு: நிமிடத்துக்கு 100 அல்லது அதற்கு மேல் இருந்தால் 2, 100-க்குக் குறைவாக இருந்தால் 1, துடிப்பே இல்லையெனில் 0.

2. மூச்சு: குழந்தை வீறிட்டு அழுதால், அல்லது சீராக மூச்சுவிட்டால் 2, மூச்சு மெதுவாகவோ ஒழுங்கின்றியோ இருந்தால் 1, மூச்சு இல்லையெனில் 0.

3. தசைகளின் திண்மை: கை கால்களை மடக்கி, சுறுசுறுப்பாக அசைத்தால் 2, ஓரளவு மட்டும் மடக்கினால் 1, துவண்டு கிடந்தால் 0.

4. தூண்டலுக்கான எதிர்வினை: உடலைத் துடைக்கும்போதோ உள்ளங்காலைத் தட்டும்போதோ குழந்தை அழுதால், தும்மினால், இருமினால் அல்லது காலை இழுத்துக்கொண்டால் 2, முகத்தை மட்டும் சுளித்தால் 1, எந்த எதிர்வினையும் இல்லையெனில் 0.

5. நிறம்: உடல் முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்தால் 2, உடல் சிவந்து, கை கால்கள் மட்டும் நீலம் பாரித்திருந்தால் 1, உடல் முழுவதும் நீலமாகவோ வெளிறியோ இருந்தால் 0.

இவற்றின் கூட்டுத்தொகையே மதிப்பெண். அதிக அளவு 10.

ஐந்தில் நிறமே உறுதி குறைந்த அடையாளம். கருப்பையை விட்டு வெளியே வந்த முதல் சில நிமிடங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் நீலமாக இருப்பது நலமுள்ள குழந்தைக்கும் இயல்பு. அதனால்தான் முதல் நிமிடத்தில் 10 பெறும் குழந்தைகள் மிகக் குறைவு. 8 அல்லது 9 பெறும் குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை. மேலும், நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் நீலம் எளிதில் தெரியாது. ஆகவே உதடு, நாக்கு, ஈறு ஆகியவற்றின் நிறத்தைப் பார்த்து மதிப்பிடுகின்றனர்.

எப்போது மதிப்பிடுகின்றனர்?

பிறந்த 1-ஆவது நிமிடத்திலும் 5-ஆவது நிமிடத்திலும் எல்லாக் குழந்தைகளுக்கும் மதிப்பிடப்படுகிறது. ஐந்தாவது நிமிடத்தில் 7-க்குக் குறைவாக இருந்தால், 10, 15, 20 ஆகிய நிமிடங்களிலும் மீண்டும் பார்க்கப்படும். எனவே உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டுக்கும் மேற்பட்ட எண்கள் இருந்தால், அக்குழந்தையைக் கூடுதல் நேரம் கவனித்திருக்கின்றனர் என்று பொருள்.

எண்களை எவ்வாறு படிப்பது?

நிறைமாதக் குழந்தைக்கு ஐந்தாவது நிமிடத்தில் 7 முதல் 10 வரை இருந்தால் கவலைக்கு இடமில்லை. 4 முதல் 6 வரை இருந்தால், குழந்தை இயல்பு நிலைக்கு வர உதவி தேவைப்பட்டுள்ளது. அது மேலும் கவனிக்கப்பட வேண்டும். 0 முதல் 3 வரை இருந்தால், குழந்தை உயிர்காக்கும் சிகிச்சை தேவைப்பட்ட நிலையில் இருந்திருக்கிறது.

தனித்தனி எண்களைவிட அவை எவ்வாறு மாறின என்பது முக்கியம். எடுத்துக்காட்டாக, முதல் நிமிடத்தில் 4 பெற்ற குழந்தை ஐந்தாவது நிமிடத்தில் 8 பெற்றால், பிறப்பின் சிரமத்திலிருந்து விரைவில் மீண்டுவிட்டது என்று பொருள். முதல் நிமிட மதிப்பெண் குறைவாக இருந்தது என்பதை மட்டும் வைத்துப் பிற்கால உடல்நலத்தைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. முதல் நிமிடத்தில் 4, ஐந்தில் 5, பத்தில் 6 என மெதுவாக ஏறியிருந்தால் அது வேறு நிலை. அத்தகைய குழந்தைக்குக் கூடுதல் கண்காணிப்பு தேவை.

‘நிறைமாதம்’ என்பது இங்கு ஏன் முக்கியம்?

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டு 37 வாரங்கள் நிறைந்து, 42 வாரங்களுக்குள் பிறக்கும் குழந்தையை நிறைமாதக் குழந்தை என்கிறோம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தசைகளும் நரம்புகளும் முழு வளர்ச்சி அடைந்திருக்காது. அக்குழந்தை துவண்டு கிடப்பதும் தூண்டலுக்குக் குறைவாக எதிர்வினை காட்டுவதும் அதன் வளர்ச்சி நிலையாலேயே இருக்கலாம். நோயோ மூச்சுத் திணறலோ இல்லாமலும் மதிப்பெண் குறையலாம். நிறைமாதக் குழந்தைக்கு அந்த விளக்கம் பொருந்தாது. உறுப்புகள் முதிர்ந்த குழந்தைக்கு ஐந்தாவது நிமிடத்திலும் மதிப்பெண் குறைவாக இருந்தால், அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலுள்ள பார்க்லேண்டு மருத்துவமனையில் 1988 முதல் 1998 வரை பிறந்த 1,32,228 நிறைமாதக் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2001-இல் ஒரு கட்டுரை வெளியிடப்பட்டது. ஐந்தாவது நிமிடத்தில் 7 முதல் 10 வரை பெற்ற குழந்தைகளில், முதல் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 10,000-க்கு 2 பேர் மட்டுமே. 0 முதல் 3 வரை பெற்ற குழந்தைகளில் 1,000-க்கு 244 பேர் இறந்தனர். இரண்டாவது எண் பெரியது. அதனால்தான் மிகக் குறைந்த மதிப்பெண்ணை மருத்துவர்கள் அவசர நிலையாகக் கருதுகின்றனர். ஆயினும் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிலும் நான்கில் மூன்று குழந்தைகள் முதல் மாதத்தைக் கடந்து உயிர் பிழைத்தன என்பதையும் அதே எண் காட்டுகிறது.

மதிப்பெண் குறைவதற்கான காரணங்கள்

• பிரசவ வலியின்போது தொப்புள் கொடி அழுந்துதல் அல்லது குழந்தைக்கு முன்பாக வெளியே சரிதல்
• குழந்தை பிறக்கும் முன்பே நஞ்சு கருப்பையிலிருந்து பிரிதல்
• பிரசவம் மிக நீண்டுபோதல், அல்லது குழந்தை இறங்கும் வழியில் தடை ஏற்படுதல்
• குழந்தை கருப்பைக்குள்ளேயே மலம் கழித்து, அது மூச்சுக்குழாய்க்குள் செல்லுதல்
• தாய்க்கு உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, கடும் இரத்தசோகை, காய்ச்சல் அல்லது நோய்த்தொற்று இருத்தல்
• தாய்க்குக் கொடுக்கப்பட்ட வலி நிவாரணி அல்லது மயக்க மருந்தின் தாக்கம் குழந்தைக்கும் சிறிது நேரம் இருத்தல்
• குழந்தைக்குப் பிறவியிலேயே இதயம், நுரையீரல் அல்லது நரம்புக் குறைபாடு இருத்தல்

இவற்றுள் சில தற்காலிகமானவை; சில சிகிச்சை தேவைப்படுபவை. எனவே மதிப்பெண் குறைந்தது என்பதாலேயே ‘குழந்தைக்கு மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை’ என்று முடிவு செய்யக் கூடாது. அதை உறுதிசெய்யத் தொப்புள் கொடி இரத்தத்தின் அமிலத்தன்மை, குழந்தையின் விழிப்பு நிலை, பால் குடிக்கும் திறன், வலிப்பு உண்டா இல்லையா, மற்ற உறுப்புகளின் செயல்பாடு ஆகிய அனைத்தையும் மருத்துவர் சேர்த்துப் பார்ப்பார்.

மேலே கூறிய காரணங்களுள் பெரும்பாலானவை எவராலும் முன்கூட்டியே தடுக்க இயலாதவை. கருவுற்ற காலத்தில் தாய் எதைச் சாப்பிட்டார், எப்படிப் படுத்தார், கிரகணத்தின்போது வெளியே வந்தாரா என்பவற்றுக்கும் குழந்தையின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இல்லை. குறைந்த மதிப்பெண்ணைக் காரணம் காட்டித் தாயைப் பழிக்காதீர்கள். பிரசவ வலியிலிருந்து மீண்டுவரும் அவருக்கு வீட்டாரின் ஆதரவே அப்போது தேவை.

மதிப்பெண்ணுக்காக எவரும் காத்திருப்பதில்லை

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்கச் சிறிதளவு உதவி தேவைப்படுகிறது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான குழந்தைகளுக்கே தீவிர உயிர்காப்புச் சிகிச்சை தேவைப்படுகிறது. அந்த உதவி முதல் நிமிடத்திலேயே தொடங்க வேண்டும். ஒரு நிமிடம் முடிந்த பிறகே முதல் மதிப்பெண் இடப்படுவதால், சிகிச்சை அளிக்க வேண்டுமா என்பதை மதிப்பெண் தீர்மானிப்பதில்லை. குழந்தை அழுகிறதா, மூச்சுவிடுகிறதா, துவண்டிருக்கிறதா என்பதைக் கண்டவுடனே செவிலியர் செயல்படுவார்.

முதலில் குழந்தையை வெதுவெதுப்பான துணியால் துடைத்து, முதுகைத் தேய்த்துத் தூண்டுவார். தேவையெனில் வாயையும் மூக்கையும் சுத்தம் செய்வார். அதன் பிறகும் மூச்சு வரவில்லையெனில், சிறிய முகமூடி பொருத்திய பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்துவார். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதுமானது. பிரசவ அறையில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இப்பயிற்சியை அளிப்பதற்காகவே 2009-இல் ‘நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம்’ என்னும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பது, முதுகில் அடிப்பது, முகத்தில் குளிர்ந்த நீர் தெளிப்பது ஆகியவை தீங்கு விளைவிப்பவை. இவற்றை எவரும் செய்ய அனுமதிக்காதீர்கள்.

எதிர்காலத்தைப் பற்றி இந்த எண் என்ன சொல்கிறது?

பெற்றோர் மிகவும் அஞ்சுவது மூளை வாதத்தையே. சுவீடன் நாட்டில் 1999 முதல் 2012 வரை நிறைமாதத்தில் பிறந்த 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகள் ஆராயப்பட்டு, முடிவுகள் 2018-இல் வெளியாயின. அக்குழந்தைகளில் 1,221 பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு, மூளை வாதம் கண்டறியப்பட்டது. ஐந்தாவது மற்றும் பத்தாவது நிமிட மதிப்பெண் குறையக் குறைய அதற்கான வாய்ப்பு படிப்படியாக உயர்ந்தது. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடம் அந்த உயர்வு மிக அதிகமாக இருந்தது.

இதைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். முதலாவது, குறைந்த மதிப்பெண் பெறும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூளை வாதம் வருவதில்லை. இரண்டாவது, மூளை வாதம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பிறந்தபோது மதிப்பெண் இயல்பாகவே இருந்திருக்கும். ஆகவே குறைந்த மதிப்பெண் ஒரு தீர்ப்பு ஆகாது. நல்ல மதிப்பெண்ணும் பரிசோதனைகளைக் கைவிடுவதற்கான அனுமதி ஆகாது. ஆய்வுகள் பெருந்தொகையான குழந்தைகளின் போக்கையே காட்டுகின்றன. உங்கள் குழந்தை எவ்வாறு வளரும் என்பதை, அது வளரும் விதத்தைத் தொடர்ந்து கவனிப்பதன் மூலமே அறிய முடியும்.

ஐந்து நிமிடங்களுக்குப் பிறகும் மதிப்பெண் குறைவாக இருந்தால்

இத்தகைய குழந்தை பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவில் கண்காணிக்கப்படலாம். மூச்சு, இதயத் துடிப்பு, உடல் வெப்பம், இரத்தச் சர்க்கரை, சிறுநீர் அளவு, வலிப்பு ஆகியவை கவனிக்கப்படும். அங்கு அனுமதிக்கப்பட்டதாலேயே குழந்தையின் நிலை மோசம் என்று எண்ண வேண்டாம். பல குழந்தைகள் ஓரிரு நாட்களில் தாயிடம் திரும்புகின்றன.

‘குழந்தையின் உடலைக் குளிர்வித்து மூளையைக் காப்பாற்றும் சிகிச்சை இருக்கிறதாமே, அதைச் செய்யலாமா?’ என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. ஆக்சிஜன் குறைவால் மூளை பாதிக்கப்பட்ட நிறைமாதக் குழந்தையின் உடல் வெப்பத்தைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் குறைத்து, 72 மணி நேரம் அவ்வாறே வைத்திருக்கும் முறை வசதி மிகுந்த நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. இம்முறை நம் நாட்டுக் குழந்தைகளுக்கும் பயன் தருமா என்பதை அறிய, சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனை உள்ளிட்ட, இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் 7 மருத்துவமனைகளில் 2015 முதல் 2019 வரை ‘ஹீலிக்ஸ்’ என்னும் ஆய்வு நடைபெற்றது. ஐந்தாவது நிமிட அப்கார் மதிப்பெண் 6-க்குக் குறைவாக இருப்பது, அல்லது ஐந்து நிமிடங்களுக்குப் பிறகும் மூச்சு உதவி தேவைப்படுவது, மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்ப்பதற்கான அடையாளங்களுள் அடங்கும். மொத்தம் 408 குழந்தைகள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. குளிர்விக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. அவர்களிடையே இறப்பும் அதிகமாக, 42 விழுக்காடாக இருந்தது. குளிர்விக்கப்படாதவர்களிடையே அது 31 விழுக்காடு. ஆகவே இச்சிகிச்சை தரப்படவில்லை என்பதாலேயே உங்கள் குழந்தை புறக்கணிக்கப்பட்டதாக எண்ண வேண்டாம். குழந்தையின் உடலைத் தாமாகவே குளிர்விக்க எவரும் முயலக் கூடாது.

தொப்பூர்ப் பகுதிக் குடும்பங்கள் முன்கூட்டியே திட்டமிட வேண்டியவை

முதல் நிமிடத்தில் தேவைப்படும் உதவியை எந்த வாகனத்தாலும் கொண்டு வந்து சேர்க்க முடியாது. குழந்தை எங்கே பிறக்கிறதோ அங்கேயே பயிற்சி பெற்றவரும் பையும் முகமூடியும் இருக்க வேண்டும். தொப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்வோருக்கு இது மிகவும் பொருந்தும். பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 இவ்வழியே செல்கிறது. ஒரு பக்கம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மறு பக்கம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. எனினும் தொப்பூர் கணவாயின் சரிவில் கனரக வாகனங்களால் விபத்துகள் பலமுறை நேர்ந்துள்ளன. விபத்து நேரும்போது வாகனங்கள் நெடுநேரம் நிற்கும். வலி முற்றிய பிறகு புறப்படும் குடும்பம் அந்த நெரிசலில் சிக்க நேரிடலாம்.

ஆகவே பின்வருவனவற்றை 36-ஆவது வாரத்துக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்:

• எந்த மருத்துவமனையில் பிரசவம் என்பதைக் கிராம சுகாதார செவிலியருடனும் மருத்துவருடனும் பேசி உறுதி செய்யுங்கள். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கடும் இரத்தசோகை, இரட்டைக் கரு, முந்தைய அறுவைசிகிச்சை, குழந்தையின் தலை கீழ்நோக்கித் திரும்பாமை ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், பச்சிளம் குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனையையே தேர்ந்தெடுங்கள்.

• பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்குச் செல்வதாயின், இரு ஊர்களின் செவிலியர்களுக்கும் தெரிவியுங்கள். தாய் சேய் நல அட்டையும் பிக்மி எண்ணும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

• வலி தொடங்கியதும், பனிக்குட நீர் உடைந்தாலும், இரத்தப்போக்கு இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ‘வலி இன்னும் கூடட்டும்’ என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

• மருத்துவக் காரணம் இல்லாத நிலையில், நல்ல நாளும் நல்ல நேரமும் பார்த்து 39 வாரங்களுக்கு முன்பே அறுவைசிகிச்சை செய்யும்படி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். 37, 38 வாரங்களில் வலியின்றி அறுவைசிகிச்சையால் பிறக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு சற்று அதிகம்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவம், அறுவைசிகிச்சை, மருந்து, இரத்தம், நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கான சிகிச்சை, மருத்துவமனைக்குச் செல்லவும் வீடு திரும்பவும் வாகனம் ஆகியவை 2011-இல் தொடங்கப்பட்ட ‘ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம்’ திட்டத்தின் கீழ் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. செலவை எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

வழியிலோ வீட்டிலோ குழந்தை பிறந்துவிட்டால்

தமிழ்நாட்டில் 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடைபெற்றன. எனினும் எதிர்பாராமல் வழியில் பிறப்பதும் உண்டு. அப்போது மதிப்பெண் கணக்கிடுவது உங்கள் வேலை அன்று. 108-ஐ அழைத்து, அவர்கள் தொலைபேசியில் சொல்வதைப் பின்பற்றுங்கள். குழந்தையைச் சுத்தமான உலர்ந்த துணியால் உடனே துடையுங்கள். அழவில்லையெனில் முதுகை மென்மையாகத் தேய்த்துத் தூண்டுங்கள். மூச்சுவிடும் குழந்தையைத் தாயின் மார்பின் மீது தோலோடு தோல் படும்படி கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள் கொடியைக் கத்தியாலோ பிளேடாலோ வெட்ட வேண்டாம். உதவியாளர் வரும் வரை அப்படியே இருக்கலாம். குழந்தை எத்தனை நிமிடங்களில் அழுதது என்பதை நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தத் தகவல் சிகிச்சைக்கு உதவும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மதிப்பெண் எதுவாக இருந்தாலும் தாய்ப்பாலே முதல் உணவு. குழந்தை நலமாக இருந்தால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், சேனை வைத்தல் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். முதல் நாளிலேயே குளிப்பாட்டினால் உடல் குளிர்ந்துவிடும், அதையும் தவிருங்கள்.

பின்வரும் அறிகுறிகளுள் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

• பால் குடிக்க மறுத்தல், அல்லது உறிஞ்சும் வலு குறைதல்
• எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடத்தல்
• வலிப்பு, அல்லது கை கால் தொடர்ந்து வெட்டி இழுத்தல்
• நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சுவிடுதல், நெஞ்சு உள்வாங்குதல், முனகுதல்
• உடல் கொதித்தல், அல்லது தொடும்போது குளிர்ந்திருத்தல்
• உதடும் நாக்கும் நீலமாதல்
• பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் நிறம் தோன்றுதல், அல்லது பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல்

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை வீட்டுக்கே வந்து 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சுகாதாரப் பணியாளர் பார்க்க வேண்டும் என்பது வீடுசார் பச்சிளம் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின் ஏற்பாடு. அவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள்.

ஐந்தாவது நிமிடத்தில் 7-க்குக் குறைவாக மதிப்பெண் பெற்ற குழந்தைக்குக் கேட்கும் திறன், பார்வை, வளர்ச்சி ஆகியவற்றின் பரிசோதனைகளை மருத்துவர் சொல்லும் நாட்களில் தவறாமல் செய்யுங்கள். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் தானாக உட்காரவில்லை, எப்போதும் ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறது, உடல் விறைப்பாகவோ தளர்வாகவோ இருக்கிறது என்று தோன்றினால், ‘மெதுவாகச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இயன்முறைச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை வேகமாக வளர்வதால், பயிற்சியை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு பயன் கிடைக்கும்.

மருத்துவமனையை விட்டுச் செல்லும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. என் குழந்தையின் 1-ஆவது, 5-ஆவது நிமிட மதிப்பெண்கள் எவை? அவை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டுள்ளனவா?
2. குறைவாக இருந்திருந்தால், ஐந்து அடையாளங்களுள் எவற்றில் குறைவு? காரணம் தெரிந்ததா?
3. மூச்சுக்கு உதவி தேவைப்பட்டதா? எவ்வளவு நேரம்?
4. குழந்தைக்கு வலிப்போ பால் குடிப்பதில் சிரமமோ இருந்ததா?
5. அடுத்த பரிசோதனை எந்த நாளில், எந்த மருத்துவமனையில்?

இந்தக் கேள்விகளைக் கேட்பது உங்கள் உரிமை. விடைகளைத் தாய் சேய் நல அட்டையிலேயே குறித்துத் தரும்படி கேளுங்கள். பிற்காலத்தில் வேறு மருத்துவரிடம் செல்லும்போது அக்குறிப்பு பயன்படும். வீடு திரும்பிய பின் ஐயம் எழுந்தால் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம். மேலே கூறிய ஆபத்து அறிகுறிகள் ஏதேனும் இருந்தால், ஆலோசனைக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.